ஆறு மாதத்திற்கு ஒரு முறை வரும் சிவப்புப் பட்டை

தேவகோட்டை வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பங்காளிகள் சேர்ந்து நடத்தும் குடும்ப அறக்கட்டளை ஒன்றில் அவர் பதினேழு ஆண்டுகளாக அலுவலகக் கண்காணிப்பாளர். அறக்கட்டளையின் கீழ் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பள்ளியின் கணினி ஆய்வகத்தில் 30, பள்ளி அலுவலகத்தில் 9, அறக்கட்டளை அலுவலகம் நடக்கும் பழைய வீட்டின் முகப்பில் 7 என மொத்தம் 46 கணினிகள். பெரும்பாலானவற்றில் விண்டோஸ் 10. அறக்கட்டளைக்கு 2011-இல் பெட்டியோடு வாங்கிய மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2010 நான்கு பிரதிகளுக்கும், பள்ளி அலுவலகத்தில் 2017-இல் கணினியோடு சேர்ந்து வந்த ஆபீஸ் 2016 மூன்றுக்கும் பில் உள்ளது. மீதி 39 கணினிகளில் இருப்பது கணினிக் கடைக்காரர் ஏற்றிக் கொடுத்தது. அதற்கான பில்லில் ‘சாஃப்ட்வேர் லோடிங் 800 ரூபாய்’ என்ற ஒரு வரிதான் காணப்படுகிறது. அந்தக் கணினிகளில் ஆறு மாதத்திற்கு ஒரு முறை, ஆபீஸுக்கு அனுமதி இல்லை என்று எச்சரிக்கும் சிவப்புப் பட்டை தோன்றும், கடைப் பையன் வந்து, வைரஸ் தடுப்பானை நிறுத்திவிட்டு எதையோ ஓட்டுவார், பட்டை மறைந்துவிடும்.

இப்போது கடைக்காரர், எல்லாம் காலாவதியாகிவிட்டது என்றும், 46 கணினிகளையும் மாற்றுவதுதான் வழி என்றும், அது முடியாவிட்டால் கணினிக்கு 1,500 ரூபாய் வீதம் ‘வாழ்நாள் கீ’ (மென்பொருளுக்கு அனுமதி தரும் எண்) போட்டுப் புதிய ஆபீஸ் ஏற்றித் தருவதாகவும் சொல்கிறார். மே விடுமுறையில் ஒரே மூச்சில் முடித்துவிடச் சொல்கிறார் செயலாளர். பணம் கொடுத்துத்தானே வாங்கினோம், தருமத்துக்கு நடக்கும் பள்ளிக்கு விலக்கு கிடையாதா, ஒரு நாள் காலையில் கோப்புகள் திறக்காமலே போய்விடுமா, பாமினி எழுத்துருவில் கிடக்கும் பதினைந்து ஆண்டுக் கடிதங்களும் கட்டண ரசீது போடும் மேக்ரோவும் (ஆபீஸுக்குள் எழுதிவைத்த சிறு நிரல்) என்னவாகும் என்பன வாசகியின் கேள்விகள். கடைசியாக ஒன்று: ‘மென்பொருள் வாடிக்கையாளரின் வேண்டுகோளின்படி ஏற்றப்பட்டது, உரிமப் பொறுப்பு வாடிக்கையாளருடையது’ என்ற படிவத்தில் கடைக்காரர் அவரிடம் கையெழுத்துக் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

வழக்கறிஞராகப் பதிவு செய்யுமுன் நான் ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதனால்தானோ என்னவோ, நீங்கள் போகிற போக்கில் எழுதிச் சென்ற அந்தச் சிவப்புப் பட்டைதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

பெரிய நிறுவனங்கள் மொத்த உரிமம் வாங்கும்போது, ஒவ்வொரு கணினியும் மைக்ரோசாஃப்ட்டிடம் தனித்தனியாக அனுமதி கேட்காமல், நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு சர்வரிடம் அனுமதி பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. கே.எம்.எஸ். என்பது அதன் பெயர். அந்த அனுமதி 180 நாள் செல்லும். அதற்குள் கணினி மறுபடியும் சர்வரைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உங்களிடம் அப்படியொரு சர்வர் இல்லை. ஆறு மாதக் கணக்கு மட்டும் பிசகாமல் வருகிறது. ஆகவே, கடைப் பையன் ஓட்டுவது அந்தச் சர்வரைப்போல நடிக்கும் ஒரு போலி நிரல் என்றுதான் நான் ஊகிக்கிறேன். வைரஸ் தடுப்பானை அவர் முதலில் நிறுத்துவதும், நிறுத்தாவிட்டால் அந்த நிரலை அது பிடித்துவிடும் என்பதால்தான். எங்கிருந்து வந்தது, வேறு என்னென்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு நிரல், மாணவர்களின் ஆதார் எண்ணும் பெற்றோரின் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியில், காவலை விலக்கிவிட்டு, ஆண்டுக்கு இருமுறை ஓட்டப்படுகிறது. உரிமப் பிரச்சினை ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு இதுவே பெரிய கவலை.

ஊகத்தைச் சரிபார்ப்பது எளிது. வேர்டைத் திறந்து, கோப்பு என்பதற்குள் கணக்கு என்ற பக்கத்தைப் பாருங்கள். ‘புரொபஷனல் பிளஸ் 2016’ என்று இருந்தால், அது கடைகளில் சில்லறையாகப் பெட்டியில் விற்கப்பட்ட பதிப்பன்று, மொத்த உரிம ஒப்பந்தத்தின் கீழ் வருவது. அந்த ஒப்பந்தம் அறக்கட்டளையின் பெயரிலோ பள்ளியின் பெயரிலோ இருக்க வேண்டும். கடைக்காரரிடம் ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள். இருந்தால் அவர் அரை மணியில் காட்டிவிடலாம்.

பணம் கொடுத்ததும் உரிமம் பெற்றதும்

800 ரூபாய்க்கு நீங்கள் வாங்கியது ஒருவருடைய உழைப்பு. பில்லே அதைத்தான் சொல்கிறது: லோடிங். மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமை அதை உருவாக்கிய நிறுவனத்திடமிருந்து வர வேண்டும்; ஏற்றிக் கொடுப்பவரிடமிருந்து வராது. 1,500 ரூபாய் வாழ்நாள் கீயும் இதே வகைதான். எண் வேலை செய்யும், பட்டையும் வராது. ஆனால் அந்த எண் வேறு யாரோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த மொத்த உரிமத்தின் துண்டாக இருக்கக்கூடும். எண் செல்லுபடியாவதும் உங்களுக்கு உரிமை இருப்பதும் ஒன்றாகிவிடாது. அடுத்த வீட்டுச் சாவி உங்கள் கைக்குக் கிடைத்துவிட்டால் அந்த வளவு உங்களுடையதாகிவிடுமா?

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 63பி பிரிவு, கணினி நிரலின் உரிமமற்ற பிரதியைத் தெரிந்தே பயன்படுத்துவோரைப் பற்றியது. ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் சொல்லப்பட்டுள்ளன. ஆதாயத்துக்காகவோ வணிகத்தின் போக்கிலோ பயன்படுத்தவில்லை என்றால், நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு நிறுத்தலாம். நீங்கள் கேள்விப்பட்ட ‘தருமத்துக்கு விலக்கு’ ஒருவேளை இதிலிருந்து பிறந்திருக்கலாம். இது தண்டனையில் காட்டக்கூடிய தயவு; பயன்படுத்த அனுமதி ஆகாது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவில் கல்விக்கான விலக்குகளும் உண்டு. ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்தும்போதும் படிக்கும்போதும் ஒரு படைப்பை மறுபிரதி செய்வது போன்றவை அவை. அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடும் எக்செலுக்கு அந்தக் குடை விரியாது.

‘தெரிந்தே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இதுவரை தெரியாமல் நடந்தது என்று வாதிட உங்களுக்கு இடமுண்டு. இந்தப் பதிலைப் படித்த பிறகு அந்த இடம் சுருங்கிவிடுகிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் நான் என் தொழிலைச் செய்யாதவன் ஆவேன். நிறுவனங்கள் செய்யும் குற்றங்களுக்கு 69ஆம் பிரிவு, அந்நேரத்தில் பொறுப்பில் இருந்தவர்களைத் தேடி வருகிறது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் எடுத்தோம் என்றோ காட்டினால் அவர்கள் தப்பலாம். அந்தக் கவனத்தைக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். செயலாளருக்கு நிலைமையை விளக்கி ஒரு பக்கக் குறிப்பு எழுதி, தேதியிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பதற்றத்தில் இரவோடு இரவாக எல்லாக் கணினியையும் அழித்துச் சுத்தம் செய்துவிடாதீர்கள்; பழைய பில்களையும் கிழிக்காதீர்கள். கடைக்காரர் மீது பணம் கேட்டு வழக்குப் போடும் நிலை வந்தால் அவைதான் சான்று. அத்தகைய வழக்குக்குக் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. ஏமாற்றப்பட்டிருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம்.

காலாவதி என்றால் என்ன

ஆபீஸ் 2010-க்கான பராமரிப்பு, அதாவது பாதுகாப்புக் குறைகளைத் திருத்தித் தரும் வேலை, 2020 அக்டோபர் 13-இல் முடிந்தது. ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019, விண்டோஸ் 10 மூன்றுக்கும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கடைக்காரர் சொன்னதில் இவ்வளவும் உண்மை. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகும் கோப்புகள் திறக்கும், அச்சு வரும், ரசீது போகும். பில் உள்ள உங்கள் ஏழு பிரதிகளின் உரிமையும் அப்படியே இருக்கிறது. வீட்டுப் பத்திரம் உங்கள் பெயரில்தான். உடைந்த ஓடுகளை மாற்றக் கொத்தனார் வருவது நின்றுவிட்டது, அவ்வளவே. மழை எப்போது வரும் என்று தெரியாது என்பதால் அவசரம் உண்டு. நாளைக்கே இடிந்துவிடும் என்ற அவசரம் இல்லை.

விண்டோஸ் 10-ஐப் பொறுத்தவரை கொத்தனாரை இன்னும் சில காலம் வரவழைக்கவும் வழியுண்டு. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று மூன்று ஆண்டுகளுக்கு, அதாவது 2028 அக்டோபர் வரை, நிறுவனங்கள் வாங்கலாம். தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதலாண்டு ஒரு டாலர், இரண்டாமாண்டு இரண்டு, மூன்றாமாண்டு நான்கு என்று மைக்ரோசாஃப்ட் விலை வைத்திருக்கிறது. 46 கணினிகளைத் தூக்கிப் போடச் சொன்னவர் இதை ஏன் சொல்லவில்லை என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். விண்டோஸ் முறையான உரிமத்தோடு, 22எச்2 என்ற கடைசிப் பதிப்பில் இருக்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு மாற்றுவதானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் தேவை. உங்கள் 2017 கணினிகள் மூன்றும் அநேகமாகத் தேறாது.

46-க்கும் ஒரே மருந்து வேண்டாம்

ஆய்வகத்தை முதலில் பிரித்துவிடுங்கள். 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் ஓபன்ஆபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் ஆகியவைதாம் பாடம். பாடநூலே கட்டணமற்ற மென்பொருளில் நடக்கும்போது, முப்பது கணினிகளில் போலி ஆபீஸை ஏற்றிவைத்து ஆறு மாதத்திற்கு ஒரு முறை வைத்தியம் பார்ப்பானேன்? ஓபன்ஆபீஸின் நிரலிலிருந்து 2010-இல் கிளைத்த லிப்ரேஆபீஸ் இன்றும் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது, எத்தனை கணினியில் ஏற்றவும் உரிமக் கட்டணம் இல்லை, தமிழ் இடைமுகமும் உண்டு. இந்த ஒரு முடிவிலேயே உங்கள் சிக்கலில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்துவிடுகிறது.

பள்ளி அலுவலகத்தின் ஒன்பது கணினிகளுக்குக் கல்வி உரிமத்தைக் கேளுங்கள். தகுதி பெற்ற பள்ளிகளுக்கு, இணைய உலாவியில் இயங்கும் ஆபீஸை மைக்ரோசாஃப்ட் ஏ1 என்ற பிரிவில் கட்டணமின்றியே தருகிறது. கணினியில் ஏற்றும் முழு ஆபீஸ் வேண்டுமானால் மேல் பிரிவுக்குச் சந்தா. சந்தா என்பது ஆளுக்கு, கணினிக்கு அன்று. ஒருவர் தம் பெயரில் ஐந்து கணினிகளில் ஏற்றிக்கொள்ளலாம் என்று படித்துவிட்டு, ஒரு சந்தாவில் ஐந்து பேரை உட்கார வைப்பது பலரும் செய்யும் தவறு. மேலும், முப்பது நாளுக்கு ஒரு முறையாவது கணினி இணையத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் படிக்கலாம், திருத்த முடியாது.

முகப்பில் இருக்கும் ஏழும் வேறு கதை. பள்ளிக்குக் கிடைக்கும் கல்விச் சலுகையை அறக்கட்டளை அலுவலகத்துக்கு நீங்களாகவே நீட்டிவிடாதீர்கள். அதற்குத் தனியே தகுதி கேட்க வேண்டும். ஐந்தொகை, நன்கொடை ரசீது, பங்காளிகளுக்குக் கடிதம் என்று பல ஆண்டுகள் மாறாமல் ஓடும் வேலைக்கு, ஒருமுறை பணம் கட்டி வாங்கும் ஆபீஸ் எல்.டி.எஸ்.சி. 2024 (நெடுங்காலம் மாறாமல் ஓடும் பதிப்பு) பொருந்தும் என்பது என் எண்ணம். அதன் பராமரிப்பு 2029 அக்டோபர் 9 வரை. ஆபீஸ் 2021-ஐ மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால், அது 2026 அக்டோபர் 13-இலேயே முடிகிறது என்பதை நினைவில் வையுங்கள். எதை வாங்கினாலும் பில்லும் உரிமச் சான்றும் அறக்கட்டளையின் பெயரில், உங்கள் அலுவலக மின்னஞ்சலுக்கு வர வேண்டும்; கடைக்காரரின் மின்னஞ்சலுக்கு வந்தால் மறுபடியும் பழைய கதைதான்.

பெட்டியில் வாங்கிய 2010 பிரதிகளில் ஒன்றை, இணையத்தைத் துண்டித்த ஒரு கணினியில் அப்படியே விட்டுவையுங்கள். பழைய கோப்பு எதுவும் புதியதில் கோணலாகத் திறந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

மே மாதமும் பாமினியும்

மே மாதம் மாணவர்களுக்குத்தான் விடுமுறை. தேர்வு முடிவு, மாற்றுச் சான்றிதழ், புதுச் சேர்க்கை, கட்டண ரசீது எல்லாம் உங்கள் அலுவலகத்தின் தலையில் விழுவது அந்த மாதத்தில்தான். ஆய்வகத்தை மேயில் முடியுங்கள். அலுவலகக் கணினிகளில் போலி நிரலை இனி ஓட்டாமல், உரிமம் கைக்கு வந்ததும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பட்டை வரவிருக்கும் கணினிகள் முதலில். முழு மாற்றம் காலாண்டு விடுமுறைக்குள் முடிந்தால் போதும்.

ஒரே இரவில் முடிப்பதைப் பற்றி எனக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. கல்லூரியில் அறுபது கணினிகளுக்கு மேல் ஓர் இரவில் புதிய ஆபீஸ் ஏற்றினோம். மறுவாரம் பட்டமளிப்பு விழா அழைப்பிதழ் அச்சாகி வந்தது: முதல் சொல் ‘ஆன்புடையீர்’. பாமினியில் ஆங்கிலச் சிறிய எம் அடித்தால் அகரம், பெரிய எம் அடித்தால் ஆகாரம். வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் ஆட்டோ கரெக்டைப் பழைய கணினிகளில் தட்டச்சர் ஒருவர் எப்போதோ நிறுத்தி வைத்திருந்தார். புதிய ஆபீஸ் அதை மறுபடியும் முடுக்கிவிட்டது. உங்கள் அலுவலகத்திலும் யாரோ ஒருவர் இப்படிப் பத்து அமைப்புகளைச் சத்தமில்லாமல் மாற்றி வைத்திருப்பார். மாற்றுமுன் அவரைக் கண்டுபிடித்து உட்கார வைத்து, ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள்.

பாமினிக் கோப்புகள் அழிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். எழுத்துருக் கோப்பை எல்லாக் கணினிகளிலும் ஏற்றினால் அவை முன்போலவே தெரியும். ஆனாலும், எந்தக் கணினியும் தமிழைத் தமிழாகவே அறியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசே 2010-இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. பாமினியில் இருக்கும் பங்காளிகள் பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தவோ, யூனிகோடுத் தமிழில் பெயரைத் தட்டித் தேடவோ உங்களால் முடியாது. இனி எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள். பழையதில் அடிக்கடி தேவைப்படுவதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றித் தரும் இலவச நிரல்கள் இருக்கின்றன. மூலக் கோப்பை அழிக்காமல், மாற்றிய பிரதியில் பெயர்களையும் முகவரிகளையும் ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

ரசீது மேக்ரோவுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது ஜெட் என்ற பழைய இயக்கியின் (தரவை எடுத்துத் தரும் இடைநிரல்) வழியாக, ஆபீஸின் தரவுத்தளமான ஆக்சஸ் கோப்பிலிருந்து தரவை எடுக்கிறது. அந்த இயக்கி 32 பிட் என்ற பழைய வகையில் மட்டுமே இயங்கும். ஆபீஸ் 2019 முதல், வேறு சொல்லாவிட்டால் 64 பிட் என்ற புதிய வகையாகத்தான் ஏறும். மேக்ரோ அந்த நிமிடமே நின்றுவிடும், குற்றம் புதிய ஆபீஸ் மீது விழும். காசாளர் கணினியில் 32 பிட் ஆபீஸ் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே கணினியில் சேர்த்து வைக்க முடியாது. மேக்ரோவைத் திருத்த ஆள் கிடைத்த பிறகு 64-க்குப் போகலாம்.

ஏற்றும் வேலையை ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து செய்யவும் வேண்டாம். ஆபீஸ் டிப்ளாய்மென்ட் டூல் என்ற சிறு கருவியை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது. எந்தப் பதிப்பு, எத்தனை பிட், எந்த மொழி, எந்தெந்தச் செயலி வேண்டாம், பழைய ஆபீஸை நீக்க வேண்டுமா என்பதை ஒரு அமைவுக் கோப்பில் எழுதி, நிறுவல் கோப்புகளை ஒரே முறை இறக்கி, பொதுக் கோப்புறையில் வைத்துவிட்டால், எல்லாக் கணினிகளும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். உங்கள் இணைய வேகத்தில் பதினாறு முறை இறக்குவது நடக்காத காரியம். அந்த அமைவுக் கோப்பின் நகலை வாங்கி வையுங்கள். பிறகு யார் வந்தாலும் என்ன ஏற்றப்பட்டது என்பதற்கு அதுவே ஆவணம். முதலில் ஒரு கணினி, ஒரு வாரம். ஆர்வமாக முன்வரும் இளைஞரின் கணினியை எடுக்காமல், சிக்கலான வேலையும் சந்தேகக் கண்ணும் உள்ள காசாளரின் கணினியை எடுங்கள். ஒரு மாதச் சம்பளப் பட்டியல், ஐம்பது ரசீது, ஒரு தமிழ்க் கடிதம் மூன்றும் சரியாக அச்சாகும்வரை அடுத்ததைத் தொட வேண்டாம். அதற்கு முன்பே கோப்புகளை வெளி வன்தட்டு இரண்டில் பிரதியெடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். மாதாந்திர மின்தடை நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து

அந்தப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். பழைய வேலைக்கும் சேர்த்துப் பொறுப்பை உங்கள் மேல் மாற்றும் படிவம் அது. அதற்குப் பதிலாக, செயலாளரின் ஒப்புதலோடு நீங்கள் ஒரு கடிதம் கொடுங்கள்: ‘எங்கள் கணினிகளில் தங்களால் ஏற்றப்பட்ட மென்பொருள்களின் பெயர், பதிப்பு, உரிமம் யாருடைய பெயரில் உள்ளது, உரிம ஒப்பந்த எண் ஆகியவற்றை 15 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.’ விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ரசீதை நகலோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். பதில் வரும்வரை, கடைப் பையன் எந்தக் கணினியிலும் வைரஸ் தடுப்பானை நிறுத்த நீங்கள் அனுமதிக்கக் கூடாது.